டைனர் தேடிப் போவது எப்படி: அமெரிக்கச் சாலையோரக் கட்டடங்களை நண்பர்களோடு பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ரயில் பெட்டியைக் கொண்டுவந்து ஓட்டலாக மாற்றியதுதான் டைனர் என்று நியூ ஜெர்சியில் பல வருடம் இருந்தவர்கள்கூடச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலான டைனர்கள் ஒருநாளும் தண்டவாளத்தில் ஓடியதில்லை. ஓய்வுபெற்ற டிராம் வண்டிகளைச் சிலர் அப்படி மாற்றியது உண்டு, அது தனிக் கதை. நாம் பார்க்கப் போகிற டைனரை உணவகமாகவே ஒரு தொழிற்சாலையில் செய்தார்கள். கவுண்டர், ஸ்டூல், அடுப்பு, புகைக்கூண்டு எல்லாம் பொருத்தி, லாரியிலோ சரக்கு ரயிலிலோ ஏற்றிக் கொண்டுபோய், காலி மனையில் இறக்கினார்கள். தண்ணீரும் மின்சாரமும் இணைத்துவிட்டால் வியாபாரம் தொடங்கிவிடும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்குக் காரணமும் இதுதான். சாலையில் ஏற்றிப்போக முடிகிற அகலத்துக்கு மேல் செய்ய வழியில்லை.

இது பிடிபட்டுவிட்டால் பயணத்தின் போக்கு மாறிவிடும். எங்கே பான்கேக் நன்றாக இருக்கும் என்பதோடு, இதைச் செய்தது எந்தக் கம்பெனி, எந்த வருடம், முதலில் எந்த ஊரில் நின்றது என்றெல்லாம் கேட்கத் தோன்றும். நான்கைந்து பேராகச் சேர்ந்து அந்தக் கேள்விகளோடு கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு மூன்று டைனர் போதும், ஆனால் மூன்றிலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடுவதில் எனக்கு மரியாதை இல்லை. இந்தக் கட்டடங்கள் பிழைத்திருப்பதே காலையில் யாரோ முட்டையும் டோஸ்ட்டும் வாங்குவதால்தான்.

படி 1: கொஞ்சம் வரலாறு படித்துவிட்டுப் போங்கள்

கதை ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்குகிறது. 1872ல் வால்டர் ஸ்காட் என்பவர் ஒரு குதிரை வண்டியில் சாண்ட்விச், அவித்த முட்டை, பை (pie) என்னும் சுட்ட பலகாரம், காபி ஏற்றிக்கொண்டு இரவில் பத்திரிகை அலுவலகத்துக்கு அருகே நிறுத்தினார். எட்டு மணிக்கு மேல் எந்த ஓட்டலும் திறந்திருக்காத ஊரில் இரவு வேலைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வாங்குபவர்கள் தெருவில் நின்றுதான் சாப்பிட வேண்டும். 1887ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் சாமுவேல் ஜோன்ஸ், வாடிக்கையாளர் உள்ளேயே ஏறி நின்று சாப்பிடக்கூடிய வண்டியைக் கொண்டுவந்தார். மழைக்கும் பனிக்கும் அது பெரிய விஷயம்.

பிறகு நகரசபைகள் குறுக்கே வந்தன. விடிந்தபின் வண்டிகள் தெருவில் நிற்கக் கூடாது என்று பல ஊர்களில் விதி போட்டார்கள். வியாபாரிகள் ஒரு ஓரத்து மனையைப் பிடித்து வண்டியை அங்கேயே நிரந்தரமாக நிறுத்தினார்கள். சக்கரம் தேவையில்லாமல் போனது, வண்டி பெரிதானது, டைனர் பிறந்தது. வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906ல் தொடங்கி 1957 வரை 651 டைனர்களைச் செய்தது. நியூ ஜெர்சியில் ஜெர்ரி ஓமஹோனி கம்பெனி ஏறக்குறைய 2,000 செய்ததாகச் சொல்வார்கள். பேட்டர்சன் நகரின் சில்க் சிட்டி, இன்னும் ஃபோடெரோ, கல்மன், மவுண்டன் வியூ, பாராமவுண்ட் என்று அந்த மாநிலம் முழுக்கத் தொழிற்சாலைகள். டைனர் என்றால் நியூ ஜெர்சி என்று பேர் வந்ததற்கு இதுவே காரணம். பக்கத்திலேயே செய்கிறார்கள் என்றால் ஏற்றி இறக்கும் செலவும் குறைவு.

1956ல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைத் திட்டம் சட்டமானது. வாகனங்கள் பழைய சாலைகளை விட்டு விலகின. துரித உணவுக் கடைகள் பெருகின. கூடவே மனையின் விலை ஏறி, கட்டடத்தைவிட அது நிற்கும் நிலம் பல மடங்கு பெறுமதியானது. இன்றும் டைனர்கள் காணாமல் போவதற்கு இந்தக் கடைசிக் காரணமே முக்கியம் என்பது என் கணிப்பு.

படி 2: பார்த்ததும் வயதைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

முதலில் கூரையைப் பாருங்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற வளைந்த கூரை என்றால் அது பெரும்பாலும் பழைய வகை, அதுவும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பக்கம் என்றால் வூஸ்டர் கம்பெனியாக இருக்க வாய்ப்பு அதிகம். கூரையின் நடுப்பகுதி உயர்ந்து, இரு பக்கமும் வரிசையாகச் சிறு ஜன்னல்கள் இருந்தால் அது ரயில் பெட்டியைப் பார்த்துச் செய்த கூரை. இங்கிருந்துதான் அந்த ரயில் பெட்டிக் கட்டுக்கதையே வந்தது.

அடுத்தது மேல்தோல். வூஸ்டர் டைனர்களின் வெளிச்சுவர் பீங்கான் எனாமல் தகடு. மஞ்சள், சிவப்பு, கரும்பச்சை என்று பளிச்சென்ற நிறத்தில், பழைய கோதிக் எழுத்தில் கடைப் பெயரைத் தகட்டிலேயே சுட்டு வைத்திருப்பார்கள். பெயின்ட் அல்ல என்பதால் எழுபது, எண்பது வருடம் ஆகியும் நிறம் மங்காது. சில பழைய தகடுகளில் பெண்களையும் வரவேற்கிறோம், பூத் இருக்கை (மேசையின் இருபுறமும் எதிரெதிராக உட்காரும் நீள இருக்கை) உண்டு என்ற வாசகங்களும் தெரியும். ஆண் தொழிலாளிகள் மட்டுமே ஏறிய இடம் என்ற பேரை மாற்ற 1920களில் பட்ட பாடு அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எவர்சில்வர் எங்கும் பரவியது. வரிவரியாக மடித்த எவர்சில்வர் சுவர், வளைந்த மூலைகள், கண்ணாடிச் செங்கல், நியான் விளக்கு, உள்ளே மொசைக் தரை. நம் மனத்தில் டைனர் என்றதும் வருகிற உருவம் இதுதான். மவுண்டன் வியூ டைனர்களின் மூலைகள் அடிப்பக்கம் பிதுங்கி வளைந்திருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. 1960களில் ரசனை மாறி, கல் பதித்த சுவரும் சரிந்த ஓட்டுக் கூரையும் மத்தியதரைக் கடல் வளைவுகளும் வந்தன. எவர்சில்வர் பிரியர்கள் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது அநியாயம் என்பேன். இவையும் தொழிற்சாலையில் செய்து வந்தவைதான், இவற்றுக்கும் அறுபது வயது ஆகிவிட்டது. 1980களுக்குப் பிறகு வந்த பழைய பாணிப் புதிய டைனர்களை மட்டும் எச்சரிக்கையோடு பாருங்கள். மினுமினுப்பு கூடுதலாக இருக்கும், தேய்மானம் எங்கும் தெரியாது.

கடைசிச் சாட்சி, செய்தவர் பெயர்ச்சில்லு. வாசற்கதவின் மேல், பெரும்பாலும் உட்பக்கம், ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். வூஸ்டர் கம்பெனி தன் டைனர்களுக்கு 200ல் தொடங்கி 850 வரை எண் கொடுத்தது. வூஸ்டர் நகரின் பூல்வார்ட் டைனர் 730, அது 1936. மிஸ் வூஸ்டர் டைனர் 812, அது 1948. 850ஆம் எண்ணோடு 1957ல் கதை முடிகிறது. ஆகவே எண் கிடைத்தால் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும். சில்க் சிட்டி இன்னும் சுலபம்: எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வருடம், மீதி அந்த வருடத்தில் எத்தனையாவது என்பது. 4655 என்று இருந்தால் 1946ல் செய்தது என்று படிக்க வேண்டும். தகடு காணவில்லையென்றால் கவுண்டரில் இருப்பவரிடம் கேளுங்கள். நம்பர் எங்கே இருக்கிறது என்று கேட்கிற வாடிக்கையாளரைப் பார்த்தால் பல முதலாளிகளின் முகமே மலரும்.

படி 3: வழித்தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு நான் சொல்வது பிராவிடன்ஸ் முதல் வூஸ்டர் வரை. டைனர் பிறந்த ஊரிலிருந்து அது தொழிலாக வளர்ந்த ஊர் வரை ஏறக்குறைய 40 மைல்தான். வரலாறு வரிசையாகவே வந்துவிடும்.

பிராவிடன்ஸில் முதல் நாள் மாலையே போய்ச் சேருங்கள். நகரசபைக் கட்டடத்தின் பக்கத்தில் ஹேவன் பிரதர்ஸ் டைனர் வந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை வண்டியாகத் தொடங்கியது, இன்று லாரியோடு இணைந்த எவர்சில்வர் பெட்டி. வால்டர் ஸ்காட்டின் வண்டி எப்படி இருந்திருக்கும் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிற இடம் வேறு எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பக்கத்து ஊரான பாடகெட்டில் மாடர்ன் டைனர். இது ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர் என்ற அரிய வகை. மாசசூசெட்ஸின் மெரிமாக் ஊரில் ஜே. பி. ஜட்கின்ஸ் கம்பெனி 1936 முதல் 1942 வரைதான் ஸ்டெர்லிங் டைனர்களைச் செய்தது. முன்பக்கம் அதிவேக ரயில் எஞ்சின் போல வளைந்து சரிந்திருக்கும். 1978ல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறிய முதல் டைனர் இதுதான். இதே வகையில் இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால் மாசசூசெட்ஸின் சேலம் வரை போக வேண்டும்.

அங்கிருந்து 146ஆம் எண் சாலையில் வூஸ்டர். சவுத்பிரிட்ஜ் தெருவில் மிஸ் வூஸ்டர் டைனர், அதற்கு எதிரே பழைய லஞ்ச் கார் தொழிற்சாலை இருந்த இடம். தொழிற்சாலையின் வாசலிலேயே நின்றதால் வாங்க வருபவர்களுக்கு இது ஒரு மாதிரிக் கட்டடமாகவும் இருந்தது. நேரம் இருந்தால் ஷ்ரூஸ்பரி தெருவில் பூல்வார்ட் டைனர். நியான் விளக்குகளுக்காக இதை இருட்டியபின் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வழித்தடம் வடக்கு நியூ ஜெர்சி. எடிசன், ஜெர்சி சிட்டிப் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கு இது வீட்டு வாசல், ஒரே நாளில் 50 மைலுக்குள் முடியும்; நான்கு இடம் சொல்கிறேன், மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி சிட்டியின் டோனல் அவென்யூவில் வைட் மானா. நம்மூர் மளிகை வாங்க நுவர்க் அவென்யூவுக்குப் போகிறவர்கள் பலமுறை கடந்திருப்பார்கள். 1939ல் நியூ யார்க் உலகக் கண்காட்சியில் எதிர்கால உணவகம் என்று காட்சிக்கு வைத்தது, 1946ல் இங்கே வந்து சேர்ந்தது. வட்டமான கவுண்டர், நடுவில் நிற்பவர் இரண்டு மூன்று எட்டில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கலாம். அதன் உறவுக் கடை ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில், அதுவும் 1946. இரண்டிலும் வெங்காயம் சேர்த்துச் சுட்ட சிறு பர்கர்தான் பேர்போனது, சைவர்களுக்குச் சீஸும் உருளைக்கிழங்கும்தான் கதி. பிறகு கிளிஃப்டனில் 3ஆம் எண் சாலையில் டிக் டாக் டைனர். முதலில் இருந்த கட்டடம் போய்விட்டது, ஆனால் வயிறு முட்டச் சாப்பிடச் சொல்லும் அந்த நியான் வாசகத்துக்காகவே நிறுத்தலாம். கடைசியாகச் சம்மிட் ரயில் நிலையத்துக்கு அருகே 1938ஆம் வருட ஓமஹோனி டைனர். மரமும் எவர்சில்வரும் சேர்ந்த அதன் உள்புறம்தான் இந்த வழித்தடத்தின் உச்சம். இதைக் கடைசிக்கு வைத்தால் மூடியிருக்கும் அபாயம் உண்டு, ஆகவே தலைகீழாகச் சம்மிட்டில் காலை உணவோடு தொடங்குவதே மேல்.

மூன்றாவது, டைனரைவிட விசித்திரக் கட்டடங்களைப் பிடித்தவர்களுக்கு. கார் ஓட்டுபவர் வேகமாகப் போகிறவர், அவர் கண்ணில் சில நொடிகளில் விழ வேண்டும் என்று கட்டடத்தையே விளம்பரமாகச் செய்த காலம் அது. பென்சில்வேனியாவில் 30ஆம் எண் சாலை, அதாவது 1913ல் அறிவித்த லிங்கன் நெடுஞ்சாலையின் தடம், இதற்குச் சரியான இடம். யார்க் நகருக்குக் கிழக்கே செருப்பு வியாபாரி மேலன் ஹெய்ன்ஸ் 1948ல் கட்டிய 25 அடி உயரப் பூட்ஸ் வீடு. அங்கிருந்து மேற்கே ஓட்டினால் பெட்ஃபோர்டில் 1927ல் கட்டிய 18 அடி உயர காபிப் பாத்திரம். அழியும் நிலைக்கு வந்து, 2003ல் சாலையைக் கடந்து பொருட்காட்சி மைதானத்துக்கு நகர்த்திச் சீர்செய்தார்கள். அதே ஊரில் 1933ஆம் வருட டங்கிள்ஸ் கல்ஃப் பெட்ரோல் பங்க், வண்ணச் சுடுமண் ஓடு பதித்த, ஆர்ட் டெக்கோ என்ற அந்தக் கால அலங்கார பாணி அழகு. இன்னும் மேற்கே லாட்ரோபில் லிங்கன் நெடுஞ்சாலை அருங்காட்சியகத்துக்குள் 1938ஆம் வருட ஓமஹோனி டைனர் ஒன்றை மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதற்கு இரண்டு நாள் வேண்டும்.

கடற்கரை விடுமுறையோடு சேர்த்துக்கொள்ள இரண்டு இருக்கின்றன. அட்லாண்டிக் சிட்டிக்கு அருகே மார்கேட்டில் லூசி என்ற யானை: 1881ல் மனை விற்பதற்காக ஜேம்ஸ் லாஃபர்ட்டி கட்டியது, 65 அடி, மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. காலுக்குள் இருக்கும் படிக்கட்டில் ஏறி வயிற்றுக்குள் போகலாம். குழந்தைகள் இருக்கும் குழுவுக்கு வேறு எதுவும் தேவையில்லை. லாங் ஐலண்டின் ஃபிளாண்டர்ஸில் நிற்பது, 1931ல் வாத்துப் பண்ணைக்காரர் பக்கத்து ரிவர்ஹெட்டில் கட்டிய காங்கிரீட் வாத்து, கண்களுக்கு ஃபோர்டு மாடல் டி காரின் பின்விளக்குகள். கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்டூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் இந்த வாத்தைக் காட்டித்தான், தானே விளம்பரமாக நிற்கும் கட்டடத்தையும், பலகை மாட்டிய சாதாரணக் கொட்டகையையும் பிரித்துப் பேசினார்கள். கட்டடக்கலை மாணவர்கள் அதன்பின் வாத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மேற்குக் கரையிலும் 66ஆம் எண் சாலையிலும் இருப்பது வேறு உலகம். அங்கே தொழிற்சாலை டைனர் அரிது. லாஸ் ஏஞ்சலஸில் வானத்தை நோக்கிச் சாயும் கூரைகள்தான் விசேஷம்: 1957ஆம் வருட நார்ம்ஸ், 1958ஆம் வருட பான்ஸ், டவுனியில் 1953ல் திறந்து இன்னும் நிற்கும் மிகப் பழைய மெக்டொனால்ட்ஸ். அதற்குத் தனியாகத் திட்டமிடுங்கள், இதோடு சேர்க்காதீர்கள்.

படி 4: யாரோடு போவது

நான்கிலிருந்து ஆறு பேர், இரண்டு கார். இதற்கு மேல் போனால் பயணம் திருமண ஊர்வலம் ஆகிவிடும். பழைய டைனர்களில் இருக்கை மிகக் குறைவு. நேட்டிக் ஊரில் 1922ல் செய்த கேசிஸ் டைனரில் மொத்தமே பத்து ஸ்டூல். எட்டுப் பேர் திடீரென்று நுழைந்தால் தினமும் வருகிற பெரியவருக்கு இடமிருக்காது. பெரிய குழுவென்றால் முன்கூட்டிப் போன் செய்து, அவர்கள் சொல்கிற நேரத்துக்குப் போங்கள். வார நாளில் காலை பத்தரை மணி பெரும்பாலும் காலியாக இருக்கும்.

ஆர்வலர்களிலும் சாதிகள் உண்டு. எண்ணும் வருடமும் தேடுபவர், நியான் பலகைக்காரர், எனாமல் எழுத்துக்காரர், சாப்பாட்டுக்காகவே வருபவர். ஒரு குழுவில் எல்லா வகையும் கலந்திருப்பது நல்லது, சாப்பாட்டுக்காரர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் இல்லையென்றால் மற்றவர்கள் ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையை அளந்துகொண்டிருப்பார்கள். ஒரு இடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளிகள் கிடைக்கவில்லையென்றால், சொசைட்டி ஃபார் கமர்ஷியல் ஆர்க்கியாலஜி என்ற அமைப்பு 1977 முதல் இயங்குகிறது. சாலையோரக் கட்டடம், பலகை, பெட்ரோல் பங்க், மோட்டல், டைனர் எல்லாம் இவர்கள் வேலை. இவர்களுடைய மாநாடுகளில் பஸ் சுற்றுலாவும் உண்டு. உங்கள் ஊர் வரலாற்றுச் சங்கமும் நூலகமும் இன்னும் சுலபமான வாசல்.

படி 5: முந்தின வாரம்

இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். 24 மணி நேரமும் திறந்திருந்த டைனர்கள் பல 2020க்குப் பிறகு நேரத்தைக் குறைத்துவிட்டன. சிறிய டைனர்கள் காலை ஆறு மணிக்குத் திறந்து மதியம் இரண்டுக்கே மூடிவிடும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறையும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: அன்று திறந்திருக்குமா, அடுப்பை எத்தனை மணிக்கு அணைப்பார்கள், கார்டு வாங்குவார்களா. பணம் மட்டுமே வாங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஒவ்வொருவரும் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டைனர் நகரும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய புத்தகத்தில் ஒரு ஊரில் இருப்பதாகப் போட்டிருக்கும், அது விற்பனையாகி வேறு மாநிலத்தில் நிற்கலாம். மாசசூசெட்ஸின் மார்ல்பரோவில் 1946ல் வைத்த லேமிஸ் டைனர் இன்று மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. கிளம்பும் முன் வரைபடத்தில் தெருப் படத்தைத் திறந்து, கட்டடம் அங்கே நிற்கிறதா, எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். திசை தெரிந்தால் வெளிச்சத்துக்கு ஏற்ப வரிசையை மாற்றலாம்.

மே முதல் ஜூன் நடுவரை நல்ல பருவம். அக்டோபரில் இலைகளின் நிறம் அபாரம், ஆனால் ஊரே அப்போது சாலையில் இருக்கும்.

படி 6: உள்ளே போனதும்

இரண்டு பேர் மூன்று பேராகப் பிரிந்து கவுண்டரில் உட்காருங்கள். பூத் வசதிதான், ஆனால் டைனரின் உயிர் கவுண்டரில்தான் இருக்கிறது. பின்சுவரின் எவர்சில்வரில் சூரியக் கதிர் மாதிரி வரிகள், பழைய கடிகாரம், பை வைக்கும் கண்ணாடிப் பெட்டி, காபி இயந்திரம், எதிரே கல்லில் வேலை செய்பவரின் கை எல்லாம் தெரிவது அங்கிருந்துதான்.

ஆர்டர் கொடுக்கத் தயாராக இருங்கள். முட்டை எப்படி வேண்டும், டோஸ்ட் எந்த ரொட்டியில், உருளைக்கிழங்கா பழமா என்று மூச்சு விடாமல் கேட்பார்கள். ஒரு நாளில் மூன்று இடத்தில் முழுச் சாப்பாடு யாராலும் முடியாது. முதல் இடத்தில் காலை உணவு, இரண்டாவதில் பையும் காபியும், மூன்றாவதில் மதியச் சாப்பாடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊருக்கு உரியதைக் கேளுங்கள். ரோட் ஐலண்டில் சோளமாவில் சுடும் ஜானிகேக்கும், காபிப் பாகு கலந்த பாலும். அந்தப் பால் 1993 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வ பானம். நியூ ஜெர்சியில் டெய்லர் ஹாம் என்ற பதப்படுத்திய பன்றியிறைச்சி வைத்த முட்டை சீஸ் சாண்ட்விச். தெற்கு ஜெர்சிக்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதில் தலையிடாதீர்கள். பென்சில்வேனியாவில் ஸ்கிராப்பிள், பன்றியிறைச்சித் துணுக்கும் சோளமாவும் சேர்த்து இறுக்கிச் சுட்டது.

சைவர்கள் வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே கல்லில்தான் பேக்கனும் உருளைக்கிழங்கும் பான்கேக்கும் சுடுவார்கள். தனியாக வாணலியில் செய்ய முடியுமா என்று கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். காய்கறி சூப் மாட்டிறைச்சிச் சாற்றில் இருக்கலாம், பையின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், டிஸ்கோ ஃப்ரைஸ், அதாவது சீஸும் கிரேவியும் போட்ட உருளைக்கிழங்கு வறுவல், அதன் மேல் ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாறுதான். முட்டை சாப்பிடுபவருக்குக் கவலையே இல்லை. முட்டையும் வேண்டாம் என்பவர் கிரில்டு சீஸ், ஓட்ஸ் கஞ்சி, டோஸ்ட் என்று சமாளிக்கலாம், ஆனால் காரில் ஒரு டப்பா புளியோதரை இருப்பது நல்லது. அதை டைனருக்குள் மட்டும் திறக்காதீர்கள்.

பில் தனித்தனியாக வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். டிப்ஸ் 20 சதவீதம். வெறும் காபி குடித்துவிட்டு அரைமணி உட்கார்ந்திருந்தால் சதவீதம் பார்க்காமல் தாராளமாக வையுங்கள். அந்த ஸ்டூல்தான் பரிமாறுபவரின் வருமானம். ஆர்டர் கொடுத்தபின் ஒரு தட்டை நான்கு பேர் பங்கிடுவதும் அங்கே அவ்வளவு ரசிக்கும் காரியம் இல்லை. ஆளுக்கு ஒன்றாவது சொல்லுங்கள்.

படி 7: பார்ப்பதும் படம் எடுப்பதும்

சாப்பிட்டு, பணம் கொடுத்து, பிறகு கேமரா. இந்த வரிசை மாறக் கூடாது. உள்ளே எடுக்க அனுமதி கேளுங்கள், மற்ற வாடிக்கையாளர் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்காலி வேண்டவே வேண்டாம்.

எவர்சில்வர் டைனரை உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளைப் பளபளப்பு தவிர ஒன்றும் தெரியாது, மேகமூட்டமான நாளே அதற்கு வரம். எனாமல் தகடுக்கு நேர்மாறு, காலை வெயில் பட்டால்தான் நிறம் எழும்பும். நியான் என்றால் சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குப் பிறகு, வானத்தில் இன்னும் நீலம் இருக்கும்போது எடுங்கள். முழுக்க இருட்டிவிட்டால் பலகை மட்டும் மிதக்கும், கட்டடம் காணாமல் போகும்.

அழகான படம் ஒன்று எடுத்தாயிற்று என்று நிறுத்தாதீர்கள். நான்கு பக்கமும் எடுங்கள், பின்னால் ஒட்டிக் கட்டிய சமையலறையையும் சேர்த்து. தகடு, பலகை, தரை, கூரை உட்புறம், ஸ்டூல் கால், கதவுக் கைப்பிடி. நாளை ஒருவர் இதைச் சீர்செய்ய நினைத்தால் அவருக்குத் தேவைப்படுவது கதவுக் கைப்பிடிதான், மாலை வெளிச்சத்தில் மின்னும் முகப்பு அல்ல.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஜான் மார்கோலிஸ் என்பவர் பல பத்தாண்டுகள் நாடு முழுக்கச் சுற்றிச் சாலையோரக் கட்டடங்களைப் படம் எடுத்தார். அவருடைய 11,000க்கும் மேற்பட்ட வண்ண ஸ்லைடுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணைய சேகரிப்பில் இருக்கின்றன, யாரும் தரவிறக்கலாம். போகப் போகிற ஊரின் பெயரைப் போட்டுத் தேடி, அவர் எடுத்த படம் இருந்தால் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் இன்று எடுங்கள். பலகை மாறியதும், ஜன்னலை அடைத்ததும், பக்கத்தில் மருந்துக்கடை வந்ததும் ஒரே பார்வையில் தெரியும். எங்கள் குழுவில் படி 2ஐப் பாடமாகச் சொல்லி அலுத்துப்போன இளைஞர்களை இந்த விளையாட்டுதான் இழுத்துப் பிடித்தது.

படி 8: திரும்பி வந்தபின்

அந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். ஊர், தெரு, பார்த்த தேதி, செய்த கம்பெனி, எண் தெரிந்தால் எண், கூரை வகை, மேல்தோல், எத்தனை ஸ்டூல், எத்தனை பூத், பின்னாளில் சேர்த்த பகுதிகள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். முதலாளி சொன்ன வருடத்தை, அவர் சொன்னது என்று குறித்தே எழுதுங்கள். கடை திறந்த வருடத்தையும் கட்டடம் செய்த வருடத்தையும் குழப்பிக்கொள்வது டைனர் உலகில் சர்வசாதாரணம். சம்மிட்டில் 1929லேயே கடை இருந்தது, இப்போதைய கட்டடம் 1938. தேசியப் பதிவேட்டில் ஏறிய டைனர் என்றால் அதன் பரிந்துரை ஆவணம் இணையத்தில் பொதுவில் கிடைக்கும், உங்கள் குறிப்பை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படங்களை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கூடவே டைனருக்கும். முகப்பின் படத்தை அச்சிட்டு, எடுத்த தேதியைப் பின்னால் எழுதித் தபாலில் அனுப்பினால் பல இடங்களில் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். அடுத்த முறை போன் செய்து எட்டுப் பேருக்கு இடம் கேட்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.